அந்தோணியாருக்குப் பதின்மூன்று சுற்று

இன்பமேரியின் உயிருக்கு விலை பதின்மூன்று சுற்று. ஒரு பொம்மை ரயில் அந்தோணியார் கெபியை நிற்காமல் பதின்மூன்று முறை சுற்றி வர வேண்டும், அவ்வளவுதான். விலை சொன்னவன் அவள் புருஷன் தனிஸ்லாஸ். என்னைக் கூட வைத்துக்கொண்டு பேசியிருந்தால் மூன்றில் ஆரம்பித்து ஐந்தில் முடித்துக் கொடுத்திருப்பேன். வில்லியனூரில் எங்களுக்குப் பித்தளைப் பாத்திரக் கடை. ஆள் படியேறும்போதே மடியில் எவ்வளவு வைத்திருக்கிறான் என்று சொல்லிவிடுவோம். ஆனால் பெண்டாட்டி டைபாய்டில் நினைவு தப்பி ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது யாருக்கும் பேரம் பேச வாய் வராது. எதிராளி விலை கேட்பதற்கு முன்பே தனிஸ்லாஸ் தானாக ஒரு விலையைச் சொல்லி, தானாக ஒப்புக்கொண்டும் விட்டான். அது எழுபத்து மூன்றாம் வருஷம்.

தனிஸ்லாஸ் என்னோடு படித்தவன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, வண்டி பழுது பார்க்கும் பட்டறையிலேயே காலத்தை ஓட்டி, பென்ஷனோடு ஊருக்கு வந்தான். அவனோடு திரும்பி வந்த மற்ற சொல்தாக்கள், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர்கள், கடிகாரமும் கம்பளிக் கோட்டும் கொண்டுவந்தார்கள். இவன் முழங்கை நீளத்துக்கு ஒரு ரயில் என்ஜின் கொண்டுவந்தான். சாவி கொடுத்து ஓட்டுகிற சாமான் இல்லை. நிஜமாகவே தண்ணீர் கொதித்து, நீராவி தள்ளி, சக்கரம் சுழலும். அடியில் ஸ்பிரிட் விளக்கு, மேலே ஒரு டம்ளர் தண்ணீர் பிடிக்கும் செம்புப் பாய்லர். மில்லில் பேல் கட்டும் இரும்புப் பட்டையை என் கடை மூலம் வாங்கி, கட்டைகளில் செருகித் தண்டவாளம் செய்துகொண்டான். வீட்டில் அதைத் துடைக்கத் தனித் துணி உண்டு. அந்தத் துணியை இன்பமேரி ஒரு நாள் அடுப்படியில் பயன்படுத்தியதற்கு இரண்டு நாள் பேசாமல் இருந்தவன் அவன்.

இன்பமேரி பிழைத்து எழுந்தாள். புருஷன் நேர்ந்துகொண்ட பொருத்தனை என்ன என்று தெரிந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை: "நான் சாவக் கெடக்கும்போதும் உங்களுக்கு ரயில் உடற நெனப்புதான்."

அந்த வருஷம் ஜூன் மாதம் அந்தோணியார் திருநாளன்று கெபியைச் சுற்றித் தண்டவாளம் போட்டான். கெபி என்றால் பாறை அடுக்கிக் கட்டிய சிறு குகை, சுற்றிலும் கம்பி வேலி. வேலியை ஒட்டி ஒரு சுற்று வருவதற்கு என்ஜினுக்கு ஒரு நிமிஷம் பிடிக்கும். எட்டுச் சுற்று அழகாக ஓடிற்று. பாய்லரில் தண்ணீர் வற்றிற்று. நின்றது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்ற முடியாது. உள்ளே இருக்கும் ஆவி முகத்தில் அடிக்கும். ஆற வைத்து, ஊற்றி, மறுபடி கொதிக்க வைத்தால் அரை மணி நேரம் ஆகும். பொருத்தனையோ நிற்காமல் என்பது.

அடுத்த வாரம் இன்பமேரிக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாளில் போய்விட்டது. ஆனால் அவளுக்குக் கணக்குப் புரிந்துவிட்டது.

"என் உசிரை அடகு வெச்சிட்டு மீட்காம கீறீங்க. அந்தோணியாரு நோட்டீஸ் அனுப்பிச்சிட்டாரு," என்றாள்.

அதற்குப் பிறகு அவள் தும்மினால்கூட தனிஸ்லாஸ் சோற்றில் கை வைக்காமல் எழுந்துவிடுவான். வெளியூர் கல்யாணங்களுக்கு அவள் போவதில்லை. புதுப் புடவை எடுத்தால், "இதைக் கட்டறதுக்குக் கீறேனோ இல்லியோ," என்று பெட்டியில் வைத்துவிடுவாள். இரண்டு திருநாள் வந்தது, போனது. எட்டுக்கு மேல் ஏறவில்லை. ஒரு வருஷம் ஏழுதான்.

நான் சில யோசனைகள் சொன்னேன். தண்டவாளத்தை வேலிக்கு உள்ளே போட்டால் சுற்று பாதியாகும். பதின்மூன்றும் சுலபமாக ஆகிவிடும், கெபியையும் சுற்றினதாக ஆகும்.

"அண்ணே, படியில கட்டை வெச்சி அளக்கற வேலையை உங்க கடையோட வெச்சிக்கோங்க," என்றாள் இன்பமேரி. எங்கள் கடையில் படியே கிடையாது, எடைதான் என்று சொல்ல நினைத்து விட்டுவிட்டேன்.

பங்குச் சாமியாரிடம் போனான் தனிஸ்லாஸ். கடவுள் சுற்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் அல்ல, மனசுதான் முக்கியம் என்று அவர் சொல்லி அனுப்பினார். அதை வந்து சொன்னபோது இன்பமேரி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கடவுள் எண்ண மாட்டாரு. அந்தோணியாரு எண்ணுவாரு. பதிமூணு செவ்வாக்கெழமை கும்புடச் சொன்னது யாரு, நானா?"

அந்தோணியாரிடம் வேண்டிக்கொண்டவர்கள் பதின்மூன்று செவ்வாய்க்கிழமை விடாமல் கும்பிடுவது வழக்கம்.

மிச்சம் இருந்தது ஒரே வழி. ஓடும்போதே பாய்லருக்குள் தண்ணீர் தள்ள வேண்டும். பெரிய ரயில்களில் அதற்குக் கருவி உண்டு. இந்த அளவுக்குச் செய்து கொடுக்க மூலக்குளத்தில் கண்ணையனை விட்டால் ஆள் இல்லை. வில்லியனூர் ரோட்டில் தகரக் கொட்டகை போட்டு, ஒரு பழைய லேத்து வைத்து, நெட்டப்பாக்கத்திலிருந்து பாகூர் வரைக்கும் பம்ப்செட்டு பழுது பார்ப்பவன். வாயில் புகையிலை அடக்கியபடி என்ஜினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எத்தினி ஏக்கர் பாயணும் சொல்தா?"

"அரை டம்ளர் பாஞ்சா போதும்டா."

"அப்ப கெணறு எங்க?"

என்ஜினுக்குப் பின்னால் ஓடும் சின்னப் பெட்டியில் ஒரு தகர டப்பா வைத்துத் தண்ணீர் ஊற்றினான். அதுதான் கிணறு. விரல் பருமன் பித்தளைக் கட்டியைக் கடைந்து துளை போட்டான்; கட்டி என் கடையில் எடுத்தது. துளைக்குள் ஈர்க்குச்சி கனத்தில் ஓர் எஃகுக் கம்பி. சக்கர அச்சில் மாட்டிய வட்டு ஒன்று, சக்கரம் சுழலச் சுழலக் கம்பியை உள்ளே தள்ளும், வெளியே இழுக்கும். கீழே ஒரு குண்டு, மேலே ஒரு குண்டு. கீழ்க்குண்டு தண்ணீரை உள்ளே விடும், திரும்பிப் போக விடாது. மேல்குண்டு பாய்லருக்குள் விடும், திரும்பி வர விடாது. முதலில் போட்ட சைக்கிள் குண்டு நாலு நாளில் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டது. துருப்பிடிக்காத குண்டாகப் புதுச்சேரியில் தேடி வாங்கிப் போட்டான். பாய்லரில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று வெளியே தெரிய ஒரு சிறு கண்ணாடிக் குழாயும் வைத்தான்.

பாய்லரில் துளை போட்டுக் குழாய்களைப் பொருத்திய இடத்தில் ஈயப்பற்று வைத்திருந்தான். இது எனக்குத் தெரிந்த சரக்கு. ஈயம் பற்றவைத்த பாத்திரத்தை வெறுமனே அடுப்பில் ஏற்றினால் பற்று எப்படி உருகி ஒழுகும் என்று தினம் யாராவது கடைக்கு எடுத்துவந்து காட்டுகிறார்களே.

"ஏண்டா, வெள்ளிப்பத்து வெக்கிறதுதானே?"

"வெள்ளி உருகற சூட்டுக்குப் பிரான்சுக்காரன் வெச்ச பழைய பத்தெல்லாம் கழண்டுக்கும் செட்டியாரே. உள்ள தண்ணி கீற வரைக்கும் ஈயத்துக்கு ஒண்ணும் ஆவாது."

"தண்ணி இல்லாட்டி?"

"அதுக்குத்தானே பம்ப்பு வெக்கிறோம்."

தனிஸ்லாஸ் வீட்டுத் தோட்டத்தில் ஓட்டிப் பார்த்தோம். நாலு சுற்று நன்றாகப் போனது. ஐந்தாவதில் புகைபோக்கியிலிருந்து வெந்நீர் பீய்ச்சிற்று. என்ஜின் இருமி, மூச்சடைத்து நின்றது. கண்ணையன் வேட்டியெல்லாம் நனைந்தும் முகத்தில் பெருமை.

"பாத்தியா, இன்னா பிரஷரு!"

"பாய்லர் ரொம்பிப் போச்சுடா. ஆவிக்கு எடம் எங்க? சக்கரம் ஓடற வரைக்கும் பம்ப்பு தள்ளிக்கினே கீதே, நிறுத்தறதுக்கு ஒண்ணும் வெக்கலியா?" என்றான் தனிஸ்லாஸ்.

கண்ணையன் உண்மையாகவே திகைத்துப் போனான். "இருவது வருசமா பம்ப்பு ஓட்டறேன் சொல்தா. தண்ணி வரலைன்னு அடிக்க வந்திருக்கானுங்க. அதிகமா வருதுன்னு எவனும் வந்ததில்லையே."

நியாயம்தான். மின்சாரம் வரும் நேரத்துக்குக் காத்துக் கிடந்து தண்ணீர் பாய்ச்சும் ஊரில், பம்ப்பை நிறுத்துவதைப் பற்றி யார் யோசிப்பார்கள்? அவன் புகையிலையைத் துப்பிவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து குழாய்களை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு, "வாய்க்காலுக்கு மடை வெக்கறாப்பல வெச்சிட்டா போவுது," என்று எழுந்தான். பம்ப்பிலிருந்து கிளையாக ஒரு குழாய், அதில் கடுகளவு திருகு. திருகைத் திறந்தால் பம்ப்பு தள்ளும் தண்ணீர் பாய்லருக்குப் போகாமல் தகர டப்பாவுக்கே திரும்பிவிடும். மூடினால் பாய்லருக்குப் போகும். ஓடும் என்ஜினோடு கூடவே ஒருவன் குனிந்து நடந்து, கண்ணாடிக் குழாயைப் பார்த்துத் திருகைத் திருப்பிக்கொண்டு போக வேண்டும். தோட்டத்தில் இருபது சுற்று ஓடிற்று. போதும் போதும் என்று நாங்களே நிறுத்தினோம். இன்பமேரி தின்பண்டம் எதுவும் தரவில்லை. "திருநாள் அன்னிக்கிப் பாப்போம்," என்றாள்.

எழுபத்தாறாம் வருஷத் திருநாள். பூசை முடிந்து, ரொட்டி மந்திரித்துக் கொடுத்தாயிற்று. கூட்டம் கலையவில்லை, மூன்று வருஷமாக எட்டில் நிற்கும் ரயில் இந்த வருஷம் எதில் நிற்கும் என்று பார்க்கத்தான். இன்பமேரி கெபிக்கு எதிரே ஜெபமாலையோடு நின்றாள். ஜெபமாலையில் பத்து மணி ஒரு வரிசை. சிலுவைக்கு அருகே மூன்று மணி தனியாக உண்டு. பத்தும் மூன்றும் பதின்மூன்று. அவள் கணக்கில் தப்பு வராது.

தனிஸ்லாஸ் விளக்கைக் கொளுத்தினான். கிளம்பிற்று. அவன் முழங்கால் வளைத்துக் குனிந்தபடி கூடவே நடந்தான். ஜெபமாலையில் ஒரு மணி நகர்ந்தது, இரண்டு மணி நகர்ந்தது. எட்டாவது தாண்டியபோது கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். கண்ணையன் என் தோளில் ஒரு அடி போட்டான்.

ஒன்பதாவதில் மேல்காற்று எடுத்தது. ஜூன் மாதத்து மேல்காற்று எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் நாங்கள் சோதனை பார்த்தது மதில் வைத்த தோட்டத்தில். கெபியின் மேற்குப் பக்கம் வெட்டி முடித்த கரும்புக் கொல்லை. அந்தப் பக்கம் வந்ததும் ஸ்பிரிட் சுவாலை சாய்ந்து வெளியே நக்கிற்று. சூடு குறைந்தது. அதே நேரம் பம்ப்பு பச்சைத் தண்ணீரைப் பாய்லருக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. என்ஜின் தள்ளாட ஆரம்பித்தது. நான் பக்கத்தில் நின்றவரிடம் ஒரு குடையை வாங்கி விரித்து மேற்கே பிடித்தேன். குடை தாமரைப்பூ மாதிரி மலர்ந்து, கம்பிகள் என் தலைமுடியைப் பிடித்துக்கொண்டன. கூட்டம் சிரித்தது. தனிஸ்லாஸ் திரும்பிப் பார்க்கவில்லை.

அவன் திருகைத் திறந்தான். பச்சைத் தண்ணீர் டப்பாவுக்குத் திரும்பியது, என்ஜினுக்கு உயிர் வந்தது. கண்ணாடிக் குழாயில் தண்ணீர் இறங்கியது. பதினொன்றாவதில் கொஞ்சம் மூடிப் பார்த்தான். உடனே நடை எறும்பு வேகத்துக்கு வந்துவிட்டது. மறுபடி திறந்தான். பன்னிரண்டாவது சுற்று முடிந்து இன்பமேரி எதிரே வந்தபோது, நான் அருகில் குனிந்து பார்த்தேன். கண்ணாடியில் தண்ணீரே தெரியவில்லை.

கண்ணையன் ஓடிவந்தான். "சொல்தா, மூடு. தண்ணி உடு. வெறும் பாய்லர் காயுது, ஈயம் உருகிடும். என்ஜினே போயிடும்பா."

"மூடினா நின்னுடும்," என்றான் தனிஸ்லாஸ்.

"நின்னா நிக்கட்டும். அடுத்த வருசம் உட்டுக்கலாம்."

தனிஸ்லாஸ் நிமிர்ந்து இன்பமேரியைப் பார்த்தான். அவள் விரல் கடைசி மணியில் இருந்தது. அவளுக்கு மடையும் தெரியாது, ஈயமும் தெரியாது. ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது மட்டும் தெரியும். அவன் திருகிலிருந்து கையை எடுத்துவிட்டு, குனியாமல், என்ஜினோடு சாதாரணமாக நடந்தான்.

மேற்குப் பக்கத்தில் ஒரு முறை நிற்பது போல வந்தது. நிற்கவில்லை. வளைவு திரும்பி, காற்று மறைந்த பக்கம் வந்ததும், காய்ந்த பாய்லரில் மிச்சம் இருந்த ஆவியெல்லாம் சேர்ந்து தள்ளியதோ என்னவோ, கடைசி ஐந்து கஜத்தைத் துள்ளிக்கொண்டு ஓடி இன்பமேரியின் காலடியைத் தாண்டிற்று. தாண்டியதும் வயிற்றுப் பக்கம் உஸ் என்று நீளமாகச் சத்தம் விட்டு நின்றது. பற்று வைத்த இடத்திலிருந்து ஈயம் சொட்டுச் சொட்டாகத் தண்டவாளத்தில் விழுந்தது.

"பதிமூணு," என்றாள் இன்பமேரி. சிலுவையை முத்தமிட்டாள். பிறகுதான் குனிந்து பார்த்தாள். "இது இன்னா, வெள்ளியாட்டம் ஒழுவுது?"

கண்ணையன் சொன்னான். பாய்லர் வளைந்துவிட்டது, உள் குழாய் பிரிந்துவிட்டது, பிரான்சுக்கே கொண்டுபோனாலும் தேறாது என்று சொன்னான். தான் செய்த பம்ப்பாச்சே, அதை மட்டும் குனிந்து குனிந்து பார்த்தான்.

"இப்பிடி ஆவும்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று புருஷனைக் கேட்டாள்.

"பன்னெண்டுலயே தெரியும்."

"தண்ணி உட்டிருக்கலாமில்ல?"

"உட்டிருக்கலாம்."

அவள் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, சூடு ஆறாத என்ஜினைத் தண்டவாளத்திலிருந்து தூக்கினாள். அதைக் கெபிக்குள், மெழுகுவத்திகளுக்குப் பக்கத்தில், அந்தோணியார் காலடியில் வைத்தாள். துடைக்கும் துணி தனிஸ்லாஸின் தோளிலேயே தொங்கியது. அவன் அதை எடுத்து மடித்து அவளிடம் கொடுத்தான். அவள் என்ஜின் மேல் விழுந்திருந்த மெழுகை அந்தத் துணியால் துடைத்தாள்.

"அண்ணே, நீங்கதானே கணக்கு பாக்கறவரு. பாத்துச் சொல்லுங்க," என்றாள் என்னிடம். "நாளைக்கி அந்தோணியாரு ஒண்ணும் சொல்லக் கூடாது."

நான் கெபியைப் பார்த்து உரக்கவே சொன்னேன். எங்கள் தரப்பில் வாங்கியது உயிர் ஒன்று. பேசிய விலை பதின்மூன்று சுற்று, நிற்காமல். முந்தைய மூன்று வருஷத்தில் ஓடிய எட்டும் எட்டும் ஏழும் செல்லாது, தள்ளுபடி. இந்த வருஷம் செலுத்தியது சுற்று பதின்மூன்று. அதற்கு மேல் அதிகப்படியாக என்ஜின் ஒன்று, பம்ப்போடு. பாக்கி, அந்தோணியார் தர வேண்டியது.