தலைவருக்குத் தொண்டை கட்டிய நாள்

“ஆம்பளைங்க பேசிட்டிருக்கோம்ல? நீ உள்ள போ!”

மைக்செட்காரர் இப்படி மனைவியைப் பார்த்துக் கத்தியபோது அவர் கையில் ஓர் அட்டை இருந்தது. ‘எங்களைக் கேட்காமல் எங்கள் ஊரில் எதையும் கட்டாதே!’ என்று சிவப்பு மையில் அதில் எழுதியிருந்தது. மை இன்னும் காயவில்லை.

அவள் கேட்டது ஒன்றும் பெரிய கேள்வி இல்லை. “நாளன்னிக்கு அதிகாரி வர்ற கூட்டத்துல நாங்களும் பேசலாமாங்க?” என்றுதான் கேட்டாள்.

முன்னறையில் கூடியிருந்த போராட்டக் குழு முழுவதும் சிரித்தது. முடிதிருத்துபவர் மட்டும், “அண்ணி, நாங்க எதுக்கு இருக்கோம்?” என்று ஆறுதல் சொன்னார்.

ஆற்றங்கரையில் நிலக்கரி மின்நிலையம் வரப்போகிறது. அதற்கு அனுமதி கொடுக்குமுன் அதிகாரி வந்து ஊராரின் ஆட்சேபணையைக் கேட்பார். யாரும் வாய் திறக்காவிட்டால் சம்மதம் என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். தெருச் சங்கத்திலோ வீட்டுக்கு ஒரு குரல்தான், அதுவும் ஆண்குரல். பெண்கள் பின்வரிசையில் உட்காரலாம், கைதட்டலாம். இந்த வழக்கத்தை யார் ஏற்படுத்தினார்கள் என்று எவருக்கும் தெரியாது. மாற்றக்கூடாது என்பது மட்டும் எல்லா ஆண்களுக்கும் தெரிந்திருந்தது.

மைக் மைக்செட்காரருடையது என்பதால் குழுவின் தலைவர் பதவியும் அவருடையதாயிற்று. ஆனால் அந்த மைக் வேலை செய்வது மனைவியின் கைவண்ணத்தால். அறுந்த ஒயரைப் பற்றவைத்து, ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்து, “அலோ, அலோ” என்று சோதித்து அனுப்புவது அவள்தான். தெருவில் அவளுக்குப் பெயரே ஒயரம்மா. “அலோ”வுக்கு மேல் அவள் மைக்கில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

கூட்டத்துக்கு முந்தின நாள் மாலை, குழு கோஷப் பயிற்சி செய்தது. எதிரிக்குத் தெரியாமல் ரகசியமாகச் செய்ய வேண்டும் என்பதால் மைக் வேண்டாம் என்று முடிவாயிற்று. ரொட்டிக்கடைக்காரருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

“அண்ணே, ‘வேண்டாம், வேண்டாம்’னு கத்தினா தூரத்துல இருக்கறவனுக்கு ‘வேண்டும், வேண்டும்’னு கேக்குமே?”

“அப்ப ‘டாம்’ங்கறத அழுத்திச் சொல்லுவோம்!” என்றார் தலைவர்.

எல்லோரும் ‘டாம்’ என்பதை அழுத்தினார்கள். யார் ‘டாம்’ பெரிது என்று போட்டி வந்தது. தெருநாய்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஓடிவிட்டன. ஊர் முழுக்க அந்த ரகசியத்தைக் கேட்டது.

மறுநாள் காலையில் மைக்செட்காரர் எழுந்து, “ஏ, வெந்நீர்” என்றார். காற்றுதான் வந்தது. முடிதிருத்துபவர் வந்து வாசலில் நின்று வாயை மட்டும் அசைத்தார். ரொட்டிக்கடைக்காரரோ வாயை அசைக்கவும் பயந்து வீட்டிலிருந்தே கையைக் காட்டினார். குழுவில் ஒரு தொண்டைகூட மிச்சமில்லை.

பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் தொடங்கியது. கம்பெனி மேனேஜர் பளபளவென்று படம் போட்டுக் காட்டினார். புகைபோக்கி வானத்தைத் தொடும் உயரமாம்; புகை ஊரின் தலைக்கு மேலேயே போய்விடுமாம்.

“ஆட்சேபணை உண்டா?” என்று கேட்டார் அதிகாரி.

தலைவர் எழுந்தார். “ஹ்ஹ்” என்றார்.

முடிதிருத்துபவர் புகை எப்படிப் பரவும் என்று காட்ட இரண்டு கைகளையும் அகல விரித்தார். “பாத்தீங்களா சார், எவ்வளவு பெரிய மனசோட வரவேற்கிறார்!” என்றார் மேனேஜர். ரொட்டிக்கடைக்காரர் மூச்சு முட்டும் என்று காட்டத் தன் கழுத்தைத் தானே நெரித்துக்கொண்டார். “அவருக்கு ஒரு சோடா குடுங்கப்பா!” என்று மேனேஜர் ஆளை அனுப்பினார்.

அதிகாரி பேனாவைத் திறந்தார்.

பின்வரிசையில் ஒயரம்மா மகளை நினைத்துக்கொண்டாள். அவளுடைய மகளுக்குக் குளிர்காலம் வந்தாலே மூச்சு இழுக்கும். குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து முதுகைத் தடவிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பேனா காகிதத்தைத் தொடுவதற்குள் அவள் எழுந்து முன்னால் வந்துவிட்டாள்.

“நீங்க யாரும்மா?” என்றார் அதிகாரி.

“இந்த ஊர்க்காரிங்க.”

“தலைவரோட சம்சாரம்” என்று யாரோ சொன்னார்கள்.

“அப்ப சரி. அவர் என்ன சொல்றாரோ அதச் சொல்லுங்க.”

மைக்செட்காரர் மகிழ்ந்துபோய் அவள் காதில் ஊதினார். அவள் கவனமாகக் கேட்டுவிட்டு மைக்கைப் பிடித்தாள்.

“இவர் எல்லாருக்கும் வணக்கம் சொல்றார். மேடையில இருக்கற ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லணுமாம். பொழுது போயிரும். அதனால நான் என்னோடதச் சொல்லிடறேன்.”

தலைவர் அவள் முந்தானையை இழுத்தார். அவள் அதை விடுவித்துக்கொண்டு மேனேஜரைப் பார்த்தாள்.

“புகை எங்க தலைக்கு மேல போயிரும்னீங்க. சரி சார், அப்புறம் எங்க எறங்கும்?”

“அது... ஆத்துக்கு அந்தப் பக்கம் போயிரும்மா.”

“அங்க என் நாத்தனார் இருக்கா. எனக்கும் அவளுக்கும் ஆகாது. வருஷக்கணக்கா பேச்சுவார்த்தை இல்ல. திட்டணும்னா நானே நேர்ல போய்த் திட்டுவேன். அதுக்காக அவ புள்ளைங்க மூக்குல புகைய விடுவேனா? எம்பொண்ணு மூச்சுக்குத் தவிக்கறத நான் பாத்திருக்கேன் சார். வேண்டாத நாத்தனாருக்கும் அது வரக்கூடாது.”

மண்டபம் சிரித்தது. பின்வரிசையில் ரொட்டிக்கடைக்காரர் மனைவி எழுந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர். சாம்பலை எங்கே கொட்டுவீர்கள், ஆற்றுத் தண்ணீர் சூடானால் என்ன ஆகும் என்று ஆளுக்கொன்றாகக் கேட்டார்கள். மேனேஜர் சோடாவைத் தானே குடித்தார்.

“இதுக்கெல்லாம் பதில் வர்ற வரைக்கும் அனுமதி கிடையாது. அடுத்த மாசம் மறுபடி கூட்டம்” என்று சொல்லி எழுந்தார் அதிகாரி.

அடுத்த இரண்டு நாளும் தெருவே மைக்செட்காரரின் கையைக் குலுக்கியது. குரல் போயும் போராடிய தலைவர் என்று சங்கத்தில் பாராட்டுத் தீர்மானம் போட்டார்கள். பெண்களையும் மறக்கவில்லை, ஒழுங்காகக் கைதட்டியதற்கு நன்றி சொன்னார்கள்.

மூன்றாம் நாள் அவருக்குக் குரல் திரும்பியது. முதல் வேலையாக மனைவியைக் கூப்பிட்டார்.

“என் பேச்சு எப்படி எடுபட்டுச்சு பாத்தியா?”

ஒயரம்மாவுக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. மகளுக்குத் தலைசீவி முடித்து, துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“எங்க கெளம்பிட்ட?”

“உங்க தங்கச்சி வீட்டுக்கு.”

“அங்கயா? நீயா? எதுக்கு?”

“அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிட. அவளும் அந்தப் பக்கத்துப் பொம்பளைங்களும் வந்தாத்தான் சரிப்படும். எங்க சண்டைய அப்புறமா வச்சுக்கறோம்.”

மைக்செட்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஏய், இப்ப நீ எங்கிட்ட கேக்கறியா, இல்ல சொல்றியா?”

“சொல்றேங்க” என்றாள் அவள், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கியபடியே.