உரு வந்தவருக்குப் பனங்கட்டி

என் புருஷனின் பெயரை நான் வாயால் சொல்லமாட்டேன். எழுதினால் குற்றமில்லை என்று நினைக்கிறேன்: இராசநாயகம். கரவெட்டியில் புகையிலைத் தோட்டம். துலா மிதிப்பதில் தன்னை வெல்ல வடமராட்சியில் ஆளில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். கிணற்றுக்கு மேலே நிற்கும் அந்த நீண்ட மரத்தில் ஏறி அவர் முன்னும் பின்னும் நடக்க, இறைக்கிற பட்டை கொடியில் கீழே இறங்கித் தண்ணீரோடு மேலே வரும். 1936 தை மாதத்தில் ஒரு நாள் விடிய, பனி ஈரத்தில் கால் சறுக்கிக் கிணற்றுக்கட்டின் விளிம்பில் வயிறு அடிபட விழுந்தார். ஒரு சொட்டு இரத்தம் வெளியே வரவில்லை. "ஒண்டுமில்லை, ஒரு தேத்தண்ணி தா" என்றார். மத்தியானத்துக்குள் வயிறு கல்லாய் இறுகிவிட்டது.

மிஷன் ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்தார்கள். மூன்று நாள் கழித்துத்தான் டொக்டர் என்னை இருக்கச் சொல்லிக் கதைத்தார்.

"இரைப்பைக்குப் பின்னாலை கணையம் எண்டு ஒரு உறுப்பு இருக்கு, அம்மா. அது நசிஞ்சு போச்சு. முக்கால்வாசியை வெட்டி எடுத்துப்போட்டம்."

"அது என்ன செய்யிறது, ஐயா?"

"சாப்பாட்டிலை வாற சீனியை உடம்புக்குப் பங்கிட்டுக் குடுக்கிறது. இனி அந்த வேலையை நீங்கள்தான் ஊசியாலை செய்யவேணும்."

முப்பத்தெட்டு வருஷம் இந்த மனிசன் தின்ற புட்டுக்கும் பலாப்பழத்துக்கும் ஒருநாளும் முறையிடாமல், இரண்டு விரல் அகலமான ஒன்று உள்ளே கிடந்து பாடுபட்டிருக்கிறது. அதற்கு ஒரு பெயர் இருப்பதுகூட எனக்குத் தெரியாது. மாமி வீட்டில் நான் செய்த வேலை இவ்வளவு சத்தமில்லாமல் நடக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஊசி போடப் பழகினேன். முதலில் வாழைத்தண்டில், பிறகு அவருடைய தொடையில். ஊசி மருந்துப் போத்தலை ஈரமணல் நிரப்பிய முட்டிக்குள் புதைத்து வைப்பேன். கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை விட்டு, அதில் அவருடைய சிறுநீர் எட்டுத் துளி விட்டுக் கொதிக்க வைப்பேன். சீனி கூடினால் செங்கல் நிறம், குறைந்தால் பச்சை, இல்லையென்றால் நீலம் அப்படியே இருக்கும். ஆஸ்பத்திரியில் எலும்பும் தோலுமாய்க் கிடந்தவருக்கு தண்ணீர் போன்ற அந்த ஊசி மருந்து இரண்டு மாதத்தில் கன்னம் வைக்கப் பண்ணியது. ஒவ்வொரு காலையும் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பேன். உள்ளே ஒன்றுமே தெரியாது. என் புருஷன் அதற்குள்தான் இருந்தார்.

சீனி, பனங்கட்டி, பழம் எல்லாம் விலக்கு. தேங்காய்ப்பால் விட்ட கறி செமிக்காது. அவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு சாப்பிடுவார். "உந்தச் சோத்தை மாடும் தின்னாது" என்பார். "மாட்டுக்குக் கணையம் இருக்கு, அது தெரிஞ்செடுத்துத் தின்னும்" என்பேன்.

இனி நேர்த்திக்கடனைச் சொல்லவேண்டும். அவருடைய வயிற்றைத் திறந்தபோது நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்று, "சந்நிதி முருகா, இவரை எழுப்பித் தா, வாற கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் உன்ரை வாசலிலை வந்து விரதம் இருப்பார்" என்று வேண்டிவிட்டேன். நான் இருப்பேன் என்று சொல்லியிருக்கலாம். பதட்டத்தில் அவரைப் பிணை வைத்துவிட்டேன்.

ஐப்பசியில் தொண்டைமானாற்றுக்கு வண்டி கட்டிப் போய், சந்நிதிக் கோயிலுக்குப் பக்கத்து மடத்தில் ஒரு மூலையில் பாய் விரித்தோம். டொக்டரிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் மறிப்பார் என்று தெரியும். சாப்பாட்டைக் குறை, ஊசியை மட்டும் ஒருநாளும் விடாதே என்று அவர் சொல்லியிருந்தார். குறைத்தால் நல்லது என்றால் விட்டுவிட்டால் இன்னும் நல்லதுதானே? என் புத்தி அவ்வளவுதான்.

முதல் நாள் ஊசி போட்டேன். மத்தியானம் ஒரு கோப்பை பால் மட்டும் கொடுத்தேன். பொழுதுபடக் குழாயைக் கொதிக்க வைத்தால் நீலம். பத்து மாதத்தில் நான் காணாத சுத்த நீலம்! கையெடுத்துக் கும்பிட்டேன். அவரும் எழுந்து வந்து பார்த்தார்.

"முருகன் கண் திறந்திட்டான். நாளைக்குப் பாலும் வேண்டாம், தண்ணி மட்டும் காணும்" என்றார். நானும் ஓம் என்றேன்.

மறுநாள் காலை முழு அளவு ஊசியையும் போட்டேன். உச்சிப் பூசைக்கு மணி அடித்தபோது வீதியில் நின்ற அவருடைய கைகள் நடுங்கத் தொடங்கின. சால்வை வேர்வையில் ஊறியது. கண் எங்கோ செருகியது. "இறைக்கட்டும், இறைக்கட்டும்! தண்ணி வருது! கொடியை விடாதை!" என்று பெரிய குரலில் கத்தினார்.

"உரு வந்திட்டுது!" என்றார் ஒருவர். சனம் வட்டமாகச் சூழ்ந்தது. ஒருவர் நெற்றி நிறையத் திருநீறு அள்ளிப் பூசினார். பருத்தித்துறை மார்க்கண்டர் என்ற கிழவர் முழங்காலில் விழுந்து, "அப்பனே, மலாயாவுக்குப் போன என்ரை பெடியன் எப்ப வருவான்?" என்று கேட்டார். "தண்ணி வருது, தண்ணி வருது" என்றார் இவர். "கப்பலிலை வாறானாம்!" என்று கிழவர் அழுதார். எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. ஏழையின் நேர்த்தியை ஏற்று முருகன் என் புருஷனுக்குள்ளேயே இறங்கிவிட்டான் என்று நம்பினேன். நம்பிய சந்தோஷத்தில் அவருடைய காலைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தேன்.

கால் குளிர்ந்துபோயிருந்தது. பச்சைத் தண்ணீரில் கிடந்த மீனைத் தொட்டது போல் இருந்தது. சாமி ஆடும் உடம்பு கொதிக்கும், அது எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய அன்று டொக்டர் சொன்ன நாற்பது புத்திமதிகளில் ஒன்று அப்போதுதான் ஏறியது: "வேர்த்து, நடுங்கி, கதை தடுமாறினால் உடனை சீனி குடு. பிந்தினால் ஆள் இல்லை."

"இது முருகன் இல்லை! சீனி! ஆரும் சீனி தாருங்கோ!" என்று கத்தினேன்.

"விரதக்காரன்ரை வாயிலை சீனியோ? வந்த தெய்வத்தை விரட்டாதை, பிள்ளை!" என்று ஒரு கிழவி என் கையைப் பிடித்தாள். உதறிவிட்டு ஓடினேன். வீதி முனையில் கடலை விற்றவளின் பெட்டியில் ஓலைக் குட்டானில் பொதிந்த பனங்கட்டி இருந்தது. கேளாமலே எடுத்து, ஓலையைக் கிழித்து, என் பல்லாலேயே கடித்து நொறுக்கினேன். அவரோடு கூட நான் பிடித்த விரதமும் அதோடு போயிற்று. அதற்குள் நிலத்தில் சாய்ந்துவிட்டவரின் தலையை மடியில் வைத்து, அந்தத் தூளைக் கன்னத்துக்குள் தடவி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டேன். விழுங்கினார். இன்னும் தடவினேன்.

அரிசி கழுவி உலையில் போடும் நேரம்தான் ஆகியிருக்கும். முதலில் நடுக்கம் நின்றது. பிறகு கண் கீழே இறங்கி என்னைத் தேடியது. யாருமில்லாத வீட்டுக்குள் விளக்கு ஏற்றிக்கொண்டு ஒருவர் வருவதை வெளியே நின்று பார்ப்பது போல் நான் பார்த்தேன். ஒரு சிறங்கை இனிப்பு! இருந்தால் மனிசன், இல்லையென்றால் துலாவில் நிற்கும் ஒரு கனவு.

"என்னப்பா, ஏன் உவ்வளவு சனம்?" என்றார். நாக்கால் உதட்டை நக்கினார். "பனங்கட்டியோ? இன்னும் கிடக்கோ?"

சனம் முணுமுணுத்துக்கொண்டு கலைந்தது. மார்க்கண்டர் மட்டும் நின்று, "அப்ப என்ரை பெடியன்?" என்று கேட்டார்.

அன்று முழுக்க ஒரே நினைப்புத்தான். ஊசி போட்டது நான். பட்டினி போட்டது நான். ஒரு கையால் உயிர் கொடுத்து மறு கையால் அதைப் பறிக்கப் பார்த்திருக்கிறேன், இரண்டையும் பக்தியோடு. பொழுதுபட அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இனி ஊசி எனக்குப் பயம். ஆஸ்பத்திரியிலை போய் ஆரிட்டையும் போடுவிப்பம்" என்றேன்.

விடியற்காலை, நூறு பேர் பட்டினியாய்க் கிடந்த அந்த மடத்து முற்றத்தில் மூன்று கல் வைத்துச் சோறு காய்ச்சினேன். விரதத்தில் அடுப்புப் புகையைப் பார்த்துச் சிலர் மூக்கைப் பொத்தினார்கள். சோறு வெந்ததும் அவர் வந்து இருந்து, வேட்டியை விலக்கித் தொடையைக் காட்டினார்.

"நான் மாட்டன்" என்றேன்.

"உன்ரை கையாலை ஊசி. உன்ரை கையாலை சோறு. ரண்டும் எனக்கு ஒரே கையாலை வேணும், பத்மாசினி."

கலியாணம் கட்டின பன்னிரண்டு வருஷத்தில் என்னைப் பெயர் சொல்லி அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஊசி போட்டேன். சோற்றைப் போட்டு முன்னால் வைத்தேன். அவர் குனிந்து, ஒரு பருக்கை விடாமல், ஆறுதலாகச் சாப்பிட்டார். நேற்று அவருடைய நடுக்கத்தைக் கும்பிட்டவர்கள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவர் மென்று விழுங்கும் ஒவ்வொரு கவளத்துக்கும் நான் கை கூப்பிக்கொண்டே இருந்தேன்.