முக்கால் டன் வண்டி

1998 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை. சுகர் லேண்டில் தன் வீட்டு டிரைவ்வேயில் நின்றிருந்த இருபத்துநான்கு அடி நீள வெள்ளை டிரெய்லரைத் திருமூர்த்தி மூன்றாவது முறையாகச் சுற்றி வந்தான். முந்தைய நாள் மாலைதான் அது வந்து சேர்ந்தது. விற்றவரே தன் வண்டியில் கட்டி இழுத்து வந்து விட்டுவிட்டுப் போயிருந்தார். உள்ளே இரண்டு படுக்கை, ஒரு சமையல் மேடை, ஃப்ரிட்ஜ், குளியலறை. சக்கரம் வைத்த வீடு. அதை இழுத்துப்போக அவனிடம் வண்டிதான் இல்லை. அவன் ஆபீஸ் போய்வரும் காரும் மனைவி மரகதத்தின் வேனும் அதன் பக்கத்தில் பொம்மைகளாகத் தெரிந்தன.

டிரெய்லர் யோசனையைக் கொடுத்தது வான்மதியின் டாக்டர். வான்மதி அவர்களுடைய ஒரே மகள், பத்து வயது. எட்டு வயதில் அவளுடைய சிறுநீரகங்கள் இரண்டும் வேலையை நிறுத்திவிட்டன. அன்றிலிருந்து தினமும் அவள் தூங்கும் பத்து மணி நேரமும், கட்டிலருகே ஓர் இயந்திரம் மெல்லிய குழாய் வழியாக அவள் வயிற்றுக்குள் திரவத்தை விட்டு, திரும்ப எடுத்து, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தது. அது நடக்கும் இடத்தில் ஒரு துளி அழுக்கு இருக்கக்கூடாது. ஒரு முறை வெளியூரில் ஹோட்டலில் தங்கப்போய், வயிற்றில் கிருமி தொற்றி, பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதன்பின் அவர்கள் எங்கேயும் போகவில்லை. மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

அப்படிக் காத்திருந்த நாட்களில்தான் வான்மதி பள்ளி நூலகத்திலிருந்து கொண்டுவந்த ஒரு படப் புத்தகத்தை விரித்து, டெக்சஸின் மேற்குக் கோடியில் இருக்கும் பிக் பெண்ட் பள்ளத்தாக்கைக் காட்டி, "கேன் வீ கோ தேர்?" என்று கேட்டாள். முடியாது என்று சொல்ல மரகதத்துக்கு வாய் வரவில்லை. டாக்டரிடம் கேட்டாள். உங்கள் வீட்டுச் சுவர்களையும் கூடவே எடுத்துப்போக முடியுமென்றால் தாராளமாகப் போகலாம் என்றார் அவர்.

ஆக, சுவர்கள் வந்துவிட்டன. வண்டிதான் பாக்கி.

திருமூர்த்தி ஓர் எரிவாயுக் குழாய் கம்பெனியில் எஞ்சினியர். எண்களைப் பார்த்தால் அவனுக்குத் தைரியம் வந்துவிடும். பிக்கப் டிரக் விளம்பரப் புத்தகங்களை எல்லாம் வாங்கிவந்து, எது எத்தனை பவுண்டு இழுக்கும் என்று ஒரு தாளில் எழுதியிருந்தான். கூட வேலை செய்யும் அனந்தராமன் படகு இழுக்கிறவர். அவரிடமும் கேட்டான்.

"ஹாஃப் டன்னு சொல்ற சின்ன டிரக்கே தாராளமா போதும்பா திரு. ஏழாயிரம் பவுண்டு இழுக்கும்னு போட்டிருக்கான் இல்ல? உன் டிரெய்லர் ஐயாயிரத்து இருநூறு. கண்ணை மூடிட்டு வாங்கு. அதுக்கு மேல வாங்கினா கராஜ்லகூட நிக்காது."

அவனுக்கும் அது சரியென்றே பட்டது. கராஜில் நிற்க வேண்டும், தினமும் ஃப்ரீவேயில் ஆபீஸுக்கும் ஓட்ட வேண்டும். ரோசன்பர்க்கில் ஒரு டீலரிடம் நீல நிறத்தில் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தான். அன்று அங்கே போனதும் டுவெய்ன் என்ற நரைமீசைக்கார விற்பனையாளர், சாயங்காலம் வரை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டி இழுத்துப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

நீல வண்டியைப் பின்னோக்கி நகர்த்தி டிரெய்லரின் மூக்கோடு அவன் பொருத்திக்கொண்டிருந்தபோது, மரகதம் கராஜ் கதவைத் திறந்து அட்டைப் பெட்டிகளைத் தூக்கிவர ஆரம்பித்தாள்.

"இப்பவே எதுக்கு இதெல்லாம்? சும்மா ஒரு ரவுண்டு போய்ட்டு வரத்தானே போறோம்."

"ஏனுங்க, புஸ்தகத்துல போட்டிருக்கிறது டிரெய்லர் காலியா இருக்கறப்ப உள்ள எடைதானுங்களே? நாம என்ன காலியாவா போகப்போறோம்?"

மரகதம் மெடிக்கல் சென்டரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பார்மசிஸ்ட். அளவு விஷயத்தில் அவளிடம் 'ஏறக்குறைய' என்ற பேச்சே கிடையாது. ஒன்பது நாள் பயணத்துக்கு வேண்டிய திரவப் பெட்டிகள், கைவசம் இருக்கவேண்டியவையும் சேர்த்து, பன்னிரண்டு. ஒவ்வொன்றும் முப்பது பவுண்டு. அவற்றை டிரெய்லருக்குள் அடுக்கிவிட்டு அவள் இடுப்பில் கைவைத்து நின்றபோது திருமூர்த்தி மனதுக்குள் கூட்டிப் பார்த்தான். முந்நூற்று அறுபது பவுண்டு. வான்மதியின் எடை ஐம்பத்திரண்டு. ஒன்பது நாள் உயிரோடு இருக்க அவளுக்குத் தன் எடையைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு திரவம் வேண்டும். இரண்டு வருடமாக வீட்டில் அந்தப் பெட்டிகளைத் தாண்டித்தான் நடந்துகொண்டிருந்தான். ஒன்றாக அடுக்கி வைத்து இன்றைக்குத்தான் பார்த்தான். இதையா அந்தச் சின்ன உடம்பு வாங்கி வாங்கித் திருப்பிக் கொடுக்கிறது என்று பிரமிப்பாக இருந்தது. கொஞ்ச நேரம் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

மரகதம் அதற்குள் தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, அரிசி, பாத்திரங்கள், துணிமணி, போர்வை எல்லாவற்றையும் ஏற்றி முடித்திருந்தாள். வான்மதியைப் பக்கத்து வீட்டு ஷ்யாமளா ஆன்ட்டியிடம் விட்டுவிட்டு இருவரும் கிளம்பினார்கள்.

முதலில் போனது பெரிய லாரிகள் எடை போடும் இடத்துக்கு. பதினெட்டுச் சக்கர லாரிகளுக்கு நடுவே அவர்களும் வரிசையில் நின்றார்கள். எடை மேடையில் ஏறி நின்றதும் ஒரு சீட்டு வந்தது. டிரெய்லர் மட்டும் ஆறாயிரத்து எழுநூற்று நாற்பது. திருமூர்த்தி ஒரு முறைக்கு இரண்டு முறை படித்தான். மரகதம் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, அதன் ஓரத்தில் ஒட்டியிருந்த சின்ன எழுத்துக்களைச் சீட்டோடு ஒப்பிட்டாள்.

"பின்னாடி அச்சு மூவாயிரத்து எழுநூறுதான் தாங்குமாம். இதுல நாலாயிரத்து நூறு காட்டுது பாருங்க. இழுக்கிறது ஒண்ணு, முதுகுல தாங்கறது ஒண்ணு போல இருக்குதுங்க. டிரெய்லரோட மூக்கு இந்த வண்டி மேலதானே உக்காந்திருக்குது?"

"ஆமா" என்றான் அவன். குழாய்க்குள் எவ்வளவு ஓடும் என்பதும் குழாய் எவ்வளவு தாங்கும் என்பதும் வெவ்வேறு கணக்கு என்று தினமும் ஆபீஸில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன் அவன்தான்.

ஆனாலும் மனசு விடவில்லை. "ஓட்டித்தான் பாத்துருவோமே. கொஞ்ச தூரம்."

ஐம்பத்தொன்பதாம் எண் சாலையில் ஏறினார்கள். ஐம்பது மைல் வேகம் வரை எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஒரு நீண்ட லாரி இடது பக்கமாக அவர்களைத் தாண்டியது. அது தள்ளிய காற்றில் டிரெய்லர் முதலில் லேசாக வலது பக்கம் ஒதுங்கியது. பிறகு இடது. பிறகு முன்னைவிட அதிகமாக வலது. பின்கண்ணாடியில் அந்த வெள்ளைச் சுவர் ஒரு பக்கம் மறைந்து மறுபக்கம் வந்தது. வண்டியின் பின்பகுதியும் கூடவே ஆடத் தொடங்கியது. ஸ்டியரிங் லேசாகிவிட்டது; முன்சக்கரங்கள் தரையில் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை. திருமூர்த்தியின் கால் தானாக பிரேக்குக்குப் போனது.

"பிரேக் வேண்டாம்! காலை எடுங்க! நேரா புடிங்க!"

மரகதம் குனிந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே டுவெய்ன் பொருத்திக்கொடுத்திருந்த சின்னக் கறுப்புப் பெட்டியின் நெம்புகோலை அழுத்தினாள். அது டிரெய்லருக்கு மட்டும் தனியாக பிரேக் போடுவது. பின்னால் ஏதோ ஒரு பெரிய கை அந்த வீட்டைப் பிடித்து இழுத்து நிறுத்தியது போலிருந்தது. ஆட்டம் ஒரு தடவை, இன்னொரு தடவை, அப்புறம் நேராகிவிட்டது. அவன் மெல்ல ஓரங்கட்டினான். எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"உனக்கெப்படித் தெரிஞ்சுது?"

"எடை போடறதுக்கு லைன்ல நின்னமில்ல, அப்ப அந்தப் பெட்டியோட புக்கைப் படிச்சேனுங்க." அவள் கை இன்னும் நெம்புகோல் மேல்தான் இருந்தது. "வான்மதி உள்ள இல்ல. அது போதும்."

முப்பத்தைந்து மைல் வேகத்தில், ஓரத்துச் சாலையிலேயே, டிரெய்லரோடு நேரே டீலரிடம் திரும்பினார்கள்.

டீலரிடம் நீல வண்டியை ஒப்படைத்தபோது மரகதம் எடைச் சீட்டை டுவெய்னிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, இருபத்தாறு வருடத்தில் ஒருவர்கூட என்னிடம் எடைச் சீட்டோடு வந்ததில்லை, அம்மா, என்றார். எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டார். மரகதம் சொன்னாள். எந்த விளம்பரப் பேச்சும் பேசாமல் அவர்களைக் கடைசி வரிசைக்குக் கூட்டிப்போனார்.

அங்கே கரும்பச்சை நிறத்தில், அடுத்த பெரிய ரகமான முக்கால் டன் டீசல் வண்டி ஒன்று நின்றது. அதன் முன்மூடி மரகதத்தின் மோவாய்க்கு வந்தது. டயரின் ரப்பர் ஓரம் உள்ளங்கை அகலத்துக்குத் தடித்திருந்தது. டுவெய்ன் மூடியைத் தூக்கிக் காட்டியபோது திருமூர்த்தி எட்டிப் பார்த்து அப்படியே நின்றான். இரும்பை இரும்பாகவே விட்டு வைத்திருந்தார்கள். எந்த இடத்திலும் சிக்கனம் இல்லை. சாவியைத் திருகியதும் காதுக்கு முன் காலுக்குத்தான் சத்தம் வந்தது. நின்ற தரையே மெல்ல அதிர்ந்தது.

"நான் ஓட்டறேனுங்க" என்றாள் மரகதம்.

ஐந்தடி உயரம்கூட இல்லாதவள். படியில் கால்வைத்து, கைப்பிடியைப் பற்றி, ஏறி உட்கார்ந்து, இருக்கையை முழுக்க முன்னால் தள்ளிக்கொண்டாள். அதே டிரெய்லர், அதே எடை மேடை, அதே சாலை. சீட்டில் எல்லா எண்களும் அளவுக்குள் இருந்தன. நாலைந்து லாரிகள் தாண்டிப் போயின. ஒவ்வொரு தடவையும் திருமூர்த்தி கதவுப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டான். ஒவ்வொரு தடவையும் ஒன்றும் நடக்கவில்லை.

வாங்கிவந்த வண்டி கராஜில் முழுதாக நுழையவில்லை. மூக்கே இரண்டடி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அனந்தராமன் வந்து பார்த்துவிட்டு, "என்ன திரு, ஊரையே இழுக்கப் போறியா?" என்று சிரித்தார். திருமூர்த்தியும் சிரித்தான்.

மார்ச் மாதப் பள்ளி விடுமுறையில் கிளம்பினார்கள். முதல் நாள் மலையும் மேடுமாகப் போயிற்று; இரவு வழியில் ஒரு முகாமில் நிறுத்தி இயந்திரத்தை ஓட்டினார்கள். இரண்டாம் நாள் ஃபோர்ட் ஸ்டாக்டன் தாண்டியதும் மரங்கள் நின்றுபோயின. எந்தப் பக்கம் பார்த்தாலும் அடிவானம்வரை காய்ந்த புல். நடுப்பகலில் அந்த வெட்டவெளியில் காற்று எழுந்தது. சாலையோர முட்புதர்கள் தரையோடு படிந்தன. மண் குறுக்காக ஓடியது. எதிரே வந்த ஒரு டிரெய்லர்க்காரர் ஓரமாக நிறுத்திவிட்டிருந்தார்.

மரகதம் வேகத்தை ஐம்பதுக்குக் குறைத்தாள். ஸ்டியரிங்கை இறுக்காமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். தினமும் சாயங்காலம் வான்மதியின் குழாயை இணைக்கும்போது முகத்தில் இருக்கும் அதே அமைதி. காற்று முட்டும், வண்டி கொஞ்சம் தோளைக் கொடுக்கும், பின் தன் வழியே போகும். பன்னிரண்டாயிரம் பவுண்டுக்கு மேல் இரும்பும் தண்ணீரும் பின்சீட்டில் தூங்கும் குழந்தையும் அந்தச் சின்னக் கைகளில் இருந்தன. பதிமூன்று வருடமாகக் கூடவே இருப்பவளை அவன் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே வந்தான்.

"என்னுங்க அப்படிப் பாக்கறீங்க? மேப்பைப் பாருங்க."

பிக் பெண்டின் ஆற்றங்கரை முகாமிலும் மின் இணைப்பு இருந்தது. டிரெய்லரை நிறுத்தி, உள்ளே எல்லாவற்றையும் இரண்டு முறை துடைத்து, இயந்திரத்தைப் பொருத்தினார்கள். மறுநாள் காலை மரகதம் வடிந்த திரவத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கிருமி தொற்றியிருந்தால் கலங்கியிருக்கும்; தெளிவாக இருந்தது. "நல்லா இருக்குதுங்க" என்று ஒரே ஒரு வார்த்தை. அவன் வெளியே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான்.

டிரெய்லரை அங்கேயே விட்டுவிட்டு வண்டியில் மட்டும் சான்டா எலெனா பள்ளத்தாக்குக்குப் போனார்கள். வண்டியை நிறுத்திவிட்டு நடந்த வழியில் ஓர் ஓடையைக் கடக்க வேண்டியிருந்தது. வான்மதி நனையக்கூடாது என்பதால் திருமூர்த்தி அவளைத் தோளில் தூக்கிக்கொண்டான். அக்கரையில் படிப்படியாக ஏறி, பாறையோரமாக வளைந்து இறங்கியதும், திடீரென்று வானம் சுருங்கிவிட்டது.

ஆற்றின் இரண்டு பக்கமும் பாறைச் சுவர். ஆறுதான் எல்லை; ஒன்று அமெரிக்கா, ஒன்று மெக்சிகோ. ஆயிரத்தைந்நூறு அடி உயரத்துக்கு நேராக எழுந்து, மேலே ஒரு நீல நாடாவை மட்டும் விட்டுவைத்திருந்தன. எங்கோ உச்சியில் ஒரு பறவை போனது. அது பருந்தா குருவியா என்று சொல்ல முடியவில்லை. அவர்கள் மூச்சு விடுவதுகூட எதிரொலித்தது.

வான்மதி தலையை அண்ணாந்து, வாயைத் திறந்தபடி, பின்னால் சாய்ந்து சாய்ந்து அவன்மேல் முட்டிக்கொண்டாள்.

"ஹூ கட் இட், அப்பா?"

"இந்த ஆறுதான், அம்மிணி."

அவள் கீழே பார்த்தாள். ஆறு அகலமில்லாமல், அவசரமில்லாமல், மங்கிய பச்சையில் கரையோரக் கூழாங்கற்களை நனைத்துக்கொண்டு போயிற்று. கல்லொன்றைக்கூட அது நகர்த்தவில்லை.

"திஸ் ஒன்? இந்தக் குட்டித் தண்ணியா?"

"ஆமா. இதேதான்."

அவள் மறுபடி சுவரைப் பார்த்தாள். மறுபடி தண்ணீரைப் பார்த்தாள். ஒரு பாறையில் மெல்ல உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டாள். திருமூர்த்தியும் பக்கத்தில் உட்கார்ந்தான். எத்தனை லட்சம் வருடம் என்று அவனுக்குக் கணக்குப் போடத் தோன்றவில்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமுங்களா?" என்றாள் மரகதம், யாரையோ எழுப்பிவிடக்கூடாது என்பதுபோல் தாழ்ந்த குரலில்.

மெக்சிகோச் சுவரின் மேல்பாதியில் வெயில் ஏறும்வரை அவர்கள் அங்கேயே இருந்தார்கள்.