பபிள் டீ குடிக்க வந்தவர்கள்

கட்டாரில் பன்னிரண்டு வருடம் ஹோட்டல் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியபோது நுஸ்கியின் மனதுக்குள் ஒரு கடை முழுசாகக் கட்டி முடிந்திருந்தது. கலஹா சந்தியில், பேராதனைக் கெம்பஸில் படிக்கிற பிள்ளைகள் கும்பல் கும்பலாக நடந்து போகிற பாதையைப் பார்த்தபடி ஒரு மேல்மாடி. அங்கே பபிள் டீ. தேயிலைச் சாயமும் பாலும் ஐஸும் கலந்து, அடியில் கறுப்புச் சவ்வரிசி உருண்டைகள் கிடக்க, பெருவிரல் தடிப்பில் ஒரு ஸ்ட்ரோவைப் போட்டு உறிஞ்சுகிற அந்தச் சாமானுக்காகத் தோஹாவில் இளசுகள் வரிசையில் நின்றதை அவன் கண்ணால் கண்டவன்.

மனதில் இருந்தபடியே கடையைப் போட்டான். சங்கிலியில் தொங்குகிற ஊஞ்சல் கதிரைகள், போட்டோ எடுப்பதற்கென்றே பிளாஸ்டிக் பூ ஒட்டிய சுவர், இளஞ்சிவப்பு வெளிச்சத்தில் 'சிப் சிப்' என்று பெயர். கல்லாவில் மனைவி பஸ்னா. பாக்கியிருந்தது விளம்பரம் மட்டும்தான்.

அதற்காகக் கண்டி டவுனில் உள்ள ஒரு விளம்பரக் கம்பனியிலிருந்து சிந்துஜா என்ற பெண் வந்தாள். கம்பளைக்காரி, இருபத்தைந்து வயதிருக்கும். ஊஞ்சல் கதிரையில் உட்காராமல் அதன் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றே, அண்ணன் முறையில் 'நானா' என்று அவனை அழைத்துப் பேசினாள்.

"பேஸ்புக்கில போடுங்க தங்கச்சி," என்றான் நுஸ்கி. "கெம்பஸ் புள்ளைகள் எல்லாம் அதுலதானே ஈக்குது."

"நீங்க வெளிநாடு போனப்ப அப்படித்தான் நானா இருந்துச்சு. இப்ப அவங்க அங்கேருந்து கெளம்பி டிக்டொக், இன்ஸ்டகிராம்னு போயிட்டாங்க. பேஸ்புக்கில மிச்சம் இருக்கிறது பெரிய ஆளுங்க."

"பெரிய ஆளுங்கன்னா?"

"ஒங்க வயசு. அதுக்கும் மேல."

நுஸ்கிக்கு நாற்பத்தொன்று. கண்ணாடியில் அப்படித் தெரியவில்லை என்பது அவனுடைய அபிப்பிராயம். விமானம் ஏறும்போது இருந்த வயதை இங்கேயே யாரிடமோ பத்திரமாகக் கொடுத்துவிட்டுப் போய், வந்ததும் திரும்ப வாங்கிக்கொண்டது போலத்தான் அவன் நடமாடிக்கொண்டிருந்தான்.

"எனக்கு எல்லாம் தெரியும் தங்கச்சி. பேஸ்புக்கிலயே போடுங்க. வயசு கியசு ஒண்டும் வெக்க வாணாம். கண்டியில ஈக்கிற எல்லாருக்கும் போகட்டும்."

"நீங்க சொன்னா போட்டுத் தாறேன். ஆனா பின்னாடி எங்களைக் குத்தம் சொல்லக்கூடாது," என்றாள் சிந்துஜா. சொன்னபடியே போட்டும் கொடுத்தாள்.

சனிக்கிழமை காலை கடை திறந்தது. கொஞ்ச நேரத்தில் படியில் காலடிச் சத்தம் கேட்டது. நுஸ்கி தலையைக் கோதிக்கொண்டு நின்றான். சத்தம் நெருங்கவில்லை. பாதியில் நின்றது, மூச்சு வாங்கியது, பிறகு மறுபடி ஏறியது.

முதலில் ஒரு குடை தெரிந்தது. குடைக்குப் பின்னால் சகீனா டீச்சர். அம்பிட்டியவில் இருப்பவர், கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர், எல்லோரும் பென்சன்காரர்கள். அத்தனை பேர் கையிலும் போன், போனில் 'சிப் சிப்' விளம்பரம்.

"இதுதானே மகன் எடம்? பேஸ்புக்கில பாத்தோம். ஒரு நாளைக்கிப் போய்ப் பாப்போமெண்டு வந்தம்," என்றார் டீச்சர்.

நுஸ்கி வாயெல்லாம் சிரிப்பாக வரவேற்றான். கண் மட்டும் அவர்களுக்குப் பின்னால் படியைப் பார்த்தது.

ஸ்ட்ரோ ஏன் இவ்வளவு தடிப்பு என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் முதல் உருண்டை வாய்க்குள் வந்ததும் திடுக்கிட்டு, "இதுக்குள்ள என்னமோ விழுந்து கெடக்குது," என்று கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூன்றாமவர் மென்றார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார். கட்டுப்பல்லில் ஒட்டிக்கொண்டதை யாருக்கும் தெரியாமல் எடுக்க அவர் பட்டபாட்டைப் பஸ்னா கண்டுவிட்டு, ஒரு தண்ணீர்க் கிளாஸைச் சத்தமில்லாமல் பக்கத்தில் வைத்தாள். ஊஞ்சல் கதிரைக்குள் ஆசையாய் இறங்கிய டீச்சரால் அதிலிருந்து வெளியே வர முடியவில்லை. நுஸ்கி ஒரு கையையும் பஸ்னா மற்றக் கையையும் பிடித்து இழுக்க, நடுவில் டீச்சர் சிரித்த சிரிப்பில் சங்கிலி கிலுங்கியது.

அந்த நேரம் பார்த்து இரண்டு கெம்பஸ் பெண்கள் மேலே வந்தார்கள். உண்மையான கெம்பஸ் பிள்ளைகள், முதுகில் பையோடு. நுஸ்கி டீச்சரின் கையைக் கிட்டத்தட்ட விட்டுவிட்டான். ஒருத்தி உள்ளே எட்டிப் பார்த்தாள். ஊஞ்சலில் தொங்குவது தனக்கு ஓ.எல். பரீட்சை வரைக்கும் கணக்குப் படிப்பித்தவர் என்று தெரிந்ததும் சிநேகிதியின் கையைப் பிடித்துக்கொண்டு, வந்த சத்தம்கூட இல்லாமல் இறங்கிப் போனாள்.

டீச்சரும் கூட்டாளிகளும் பூச்சுவருக்கு முன்னால் போட்டோ எடுத்துப் பேஸ்புக்கில் போட்டார்கள். மறுநாள் பேராதனைப் பூந்தோட்டத்தில் காலையில் நடை போகிற கூட்டம் ஒன்று அப்படியே மாடிக்கு வந்தது. அடுத்த நாள் தபால் கந்தோரில் ஒன்றாக வேலை செய்த ஆட்கள். வாரம் முழுக்க இப்படித்தான். கடையில் பேச்செல்லாம் முழங்கால் நோவு, சீனி வருத்தம், கனடாவில் இருக்கும் மருமகள்.

நுஸ்கி சிந்துஜாவைக் கூப்பிட்டு அனுப்பினான்.

"என்ன தங்கச்சி செஞ்சு வெச்சீக்கீங்க?"

சிந்துஜா கடையை ஒரு சுற்றுப் பார்த்தாள். ஒரு கதிரைகூடக் காலியில்லை. "விளம்பரம் வேலை செஞ்சிருக்கு நானா. அங்க யாரு இருக்காங்களோ அவங்கதானே வருவாங்க."

"நான் எளசுகளுக்குக் கடை போட்டீக்கேன்."

"அப்ப எளசுங்க இருக்கிற எடத்துல போடுவோம். ஒரு வீடியோ எடுக்கணும். ஆள் யாராச்சும் பாத்து வைங்க."

ஆள் எதற்கு, நானே இருக்கிறேனே என்றான் நுஸ்கி. தோஹாவில் கற்ற வித்தை கையில் இருந்தது. தேநீர்க் குடுவையைத் தலைக்கு மேல் வீசி, முதுகுக்குப் பின்னால் பிடித்து, ஒரு சுற்றுச் சுற்றி ஊற்ற வேண்டும். பாட்டுப் போட்டார்கள். குடுவையை ஒழுங்காகத்தான் பிடித்தான். சுற்றும்போது மட்டும் இடுப்பில் எங்கேயோ சுருக்கென்றது, முகம் ஒரு கணம் கோணியது. பரவாயில்லை, யாருக்கும் தெரியாது என்று அதையே போடச் சொன்னான்.

எல்லோருக்கும் தெரிந்தது. வீடியோ நன்றாக ஓடியது. அதற்குக் கீழே, 'அங்கிள், இடுப்பு கவனம்' என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. அதற்குக் கீழே வந்தவர்களெல்லாம் அங்கிளுக்குத் தைலம் சொன்னார்கள். நுஸ்கி அதை வாசித்தான், போனைக் கவிழ்த்து வைத்தான், திரும்ப எடுத்து வாசித்தான். யாரும் கெட்ட வார்த்தை எழுதவில்லை. எல்லோரும் அன்பாகத்தான் எழுதியிருந்தார்கள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

வீடியோ பார்த்துக் கொஞ்சம் பிள்ளைகள் வரத்தான் செய்தார்கள். ஒரு கிளாஸ் வாங்கி மூன்று ஸ்ட்ரோ கேட்டார்கள். பூச்சுவரில் நூறு போட்டோ எடுத்தார்கள். வைஃபை கிடைத்ததும் பாடப் புத்தகத்தை விரித்து, இருட்டும் வரை இருந்துவிட்டு, போகும்போது, "தேங்க்ஸ் அங்கிள்," என்றார்கள்.

அன்றைக்குக் கடை பூட்டும்போது பஸ்னா சொன்னாள்: "நானும் ரெண்டு வாரமாப் பாத்துட்டுத்தான் செல்றேன், கோவிச்சுக்க வாணாம். அந்தப் பென்சன்காரங்க கஷ்டப்பட்டுப் படியேறி வாற ஆக்கள். ஏறின கஷ்டத்துக்கு நல்லாத் தின்னு குடிச்சிட்டு எறங்கத்தான் பாக்குறாங்க. தின்னத்தான் இங்க ஒண்டும் இல்ல. நேத்து டீச்சர் கட்லட் ஈக்குதான்னு கேட்டாங்க."

"பபிள் டீக் கடையில கட்லட்டா?"

"ஏன், கட்லட் என்ன பாவம் செஞ்சிச்சு?"

அவன் ஷட்டரை ஒரே இழுப்பில் இறக்கினான். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தன் கடைக்குள் வேறு யாரோ குடியேறிவிட்டது மாதிரி இருந்தது. அதைவிட, தானும் அவர்களோடுதான் சேர்த்தி என்று ஊரே முடிவு செய்துவிட்டது மாதிரி.

ஆனாலும் அடுத்த வாரம் ஊஞ்சல்களில் பாதியைக் கழற்றிவிட்டுச் சாய்மானக் கதிரைகள் போட்டான். படிக்கு இரண்டு பக்கமும் பிடிகம்பி வைத்தான். சவ்வரிசியைச் சின்னதாக உருட்டி, மெத்தென்று வேகவைத்து, சீனி குறைத்து ஒரு பபிள் டீ செய்தான். கட்லட்டும் ரோல்ஸும் பால் விடாத பிளேன்டீயும் வந்தன. சகீனா டீச்சர் ருசி பார்த்துவிட்டு, "இப்பத்தான் மகன் குடிக்கிற மாதிரி ஈக்குது," என்றார். அன்று முழுக்க அந்த வார்த்தை அவன் காதுக்குள் இனித்தது. அதை ஒப்புக்கொள்ளத்தான் அவன் தயாராக இல்லை.

கடையின் பேஸ்புக் பக்கத்தை டீச்சருடைய கூட்டாளிகள் ஆளாளுக்குப் பகிர்ந்து வளர்த்துவிட்டிருந்தார்கள். அங்கே தினமும் காலை வணக்கம், பூப் படம், யாருக்கோ பேரப்பிள்ளை பிறந்த செய்தி. ஒரு நாள் சிந்துஜா தானாகவே வந்தாள்.

"நானா, டவுன்ல ஒரு மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் ஒங்க பக்கத்துல விளம்பரம் போடக் கேக்குறாரு. காது மிஷின் விக்கிறவங்களும் கேட்டாங்க."

"என்ட பக்கத்துலயா? எதுக்கு?"

"எங்க ஒபிஸ்ல எல்லாரும் என்ன சொல்லுவாங்க தெரியுமா? பேஸ்புக்கில வயசு ஏறிடுச்சு, இனி அங்க விளம்பரம் போடுறது வீண்னு. நானும் அதையேதான் ஒங்ககிட்டச் சொன்னேன். ஸ்னீக்கர்ஸ் விக்கிறவனுக்கு அது சரி. ஆனா கண்ணாடிக் கடைக்காரருக்குக் கெம்பஸ் புள்ளைங்களை வச்சு என்ன செய்ய? அவரு தேடுற ஆளுங்க பூரா ஒங்க மாடியில உக்காந்து கட்லட் சாப்பிடுறாங்க. இப்படி ஒரே எடத்துல சேர்ந்து கெடைக்கிறது லேசில்ல நானா. அவருக்கு இங்கேயே ஒரு நாள் இலவசமாக் கண் பாக்கவும் ஆசை."

நுஸ்கி பஸ்னாவைப் பார்த்தான். பஸ்னா கல்லாவுக்குள் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டாள்.

கண் பார்த்த சனிக்கிழமை மாடி கொள்ளவில்லை. எழுத்துப் பலகையைப் பூச்சுவரில்தான் தொங்கவிட்டார்கள். கெம்பஸ் பிள்ளைகள் சிலரும் வந்திருந்தார்கள். கம்பளையிலிருந்தும் மாத்தளையிலிருந்தும் அவர்களைப் பார்க்க வந்த அம்மாமார்தான் கடையைப் பேஸ்புக்கில் கண்டு, கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அம்மா காசு கொடுப்பதால் ஆளுக்கொரு கிளாஸ், ஆளுக்கொரு ஸ்ட்ரோ.

மாலையில் கூட்டம் குறைந்தபோது கண் பார்க்கிறவர் நுஸ்கியைக் கூப்பிட்டார். "நீங்களும் வாங்களேன்."

"நான் கடைக்காரன்."

"கடைக்காரருக்கும் கண் இருக்குத்தானே."

சகீனா டீச்சர் அவன் தோளைப் பிடித்துக் கதிரையில் உட்கார வைத்தார். முதல் மூன்று வரியையும் அவன் கடகடவென்று வாசித்தான். நாலாவது வரியில் நின்றான். அடுத்து ஒரு சின்ன அட்டையைக் கையில் கொடுத்தார்கள். நுஸ்கி அதைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தான், இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்தான், கடைசியில் கை போதவில்லை. சுற்றி நின்ற பென்சன்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை. அவர்களில் ஒருவர் தன் கண்ணாடியைக் கழற்றி, துணியால் துடைத்து, அவன் மூக்கில் வைத்துவிட்டார்.

அட்டையில் இருந்த எழுத்தெல்லாம் பளிச்சென்று நின்றது. நுஸ்கி அதை ஒரு எழுத்து விடாமல் கடைசிவரை சத்தமாக வாசித்து முடித்தான்.

"எப்படி ஈக்குது மகன்?" என்றார் டீச்சர்.

"நல்லாத்தான் ஈக்குது," என்றான் நுஸ்கி. கண்ணாடியைக் கழற்ற மனமில்லாமல் அப்படியே எழுந்து, எல்லோருக்கும் பிளேன்டீ ஊற்றப் போனான்.