வினோதாவின் வலது கால்

ஹட்டன் கடைவீதியில் பைஸர் நடத்தும் செருப்புக்கடை போனில் லைவ் போட்டுவிட்டால், சுற்று வட்டாரத்துப் பெண்கள் அடுப்பில் பால் பொங்கி வழிவதைக்கூடக் கவனிக்க மாட்டார்கள். "அக்காமாரே, தங்கச்சிமாரே, வருஷம் பொறக்கப் போகுது, ஒன்னு வாங்கிப் போடலைன்னா கால் கோவிச்சுக்கும்!" என்று கொஞ்சும் குரல் வினோதாவுடையது. திரையில் தெரியும் வெள்ளை வெளேரென்ற பாதங்கள் சுதர்ஷினியுடையவை. கடையில் வேலை செய்த இரண்டு பெண்களில் ஒருத்தியிடம் குரலையும் மற்றவளிடம் காலையும் எடுத்து ஒரு முழுப் பெண்ணைச் செய்திருந்தார் பைஸர். எதை எதோடு சோடி சேர்த்தால் விற்கும் என்பது அவருக்குத் தெரியும்.

வினோதாவின் கால் விற்காது. கடைக்கு வருவதற்கு முன் நான்கு வருடம் நோர்வூட் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள் அவள். அட்டைகள் கடித்த இடமெல்லாம் கறுத்த புள்ளிகள். குதிகாலில் வெடிப்பு. கவாத்து வெட்டிய தேயிலைக் கட்டை ஒன்று குத்தி, வலது கால் பெருவிரல் நகம் இரண்டாகப் பிளந்து, அப்படியே வளர்ந்திருந்தது. போன தீபாவளி லைவில் அந்தக் கால் தவறுதலாக அரை நிமிடம் திரைக்குள் வந்துவிட்டது. "யாருப்பா இந்தக் கவாத்துக் கட்ட?" என்று எவனோ எழுதினான். முந்நூறு பேர் அதற்குச் சிரித்தார்கள். வினோதாவும் சிரித்துக்கொண்டே கடைசிச் சோடிவரை விற்றாள். பிறகு வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்றிலிருந்து காலுறை இல்லாமல் அவள் கடைக்குள் வந்ததில்லை. செருப்புக்கடைக்காரி காலை மறைப்பது, சோற்றுக்கடைக்காரன் சாப்பிடப் பயப்படுவது மாதிரிதான். ஆனால் யாரும் கேட்கவில்லை.

பெரிய வியாழனுக்கு மூன்று நாள் இருக்கும்போது, தோட்டத்துக் கோயில் உபதேசியார் செல்லசாமி அவளை வழியில் மறித்தார். இயேசு தம் சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து, பாதர் பன்னிரண்டு பேரை வரிசையாக உட்காரவைத்துக் கால் கழுவி முத்தமிடும் நாள் அது.

"ஒன் பேரப் போட்டுட்டேன், வினோதா."

"ஐயையோ, வேணாங்க உபதேசியாரே. வேற ஆளப் பாருங்க."

"பன்னெண்டு பேர்ல ஒருத்தன் கொழும்புக்கு வேலைக்குப் போயிட்டான். யூதாஸோட எடம்னு நெனச்சுக்காத. கால் இருந்தாப் போதும்."

"அந்தக் கால்தாங்க பிரச்சின."

"நொண்டியா?"

"இல்லீங்க."

"அப்புறம் என்னா? இந்த வருஷம் வாலிபர் சங்கம் லைவ் வேற போடுது. டுபாய்ல இருக்கிற நம்ம புள்ளைங்கல்லாம் பாக்கும்!"

அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார். வினோதாவின் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. மறுபடியும் திரை. மறுபடியும் அதே கால். இந்த முறை அரை நிமிடம் இல்லை. ஒருவர் முழந்தாளிட்டு, எல்லோருக்கும் காட்டி, நிதானமாகக் கழுவப் போகிறார்.

சுதர்ஷினியிடம்தான் சொன்னாள். அவள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு டியூப்பை எடுத்து மேசையில் போட்டாள்.

"மொகத்துக்குப் பூசுற பவுண்டேஷன். ரெண்டு பூச்சு. காஞ்சதும் பவுடர். என் காலு மட்டும் பொறக்கும்போதே இப்படியா இருந்துச்சு? லிந்துலையில நானும் கொழுந்து எடுத்தவதான்டி."

வினோதா அந்த வெள்ளைக் கால்களை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். ஆறு மாதமாக எந்தக் காலோடு தன் காலை ஒப்பிட்டு மனம் புழுங்கினாளோ, அதுவே டியூப்பிலிருந்து வந்த கால். அப்போதாவது அவளுக்குப் புத்தி வந்திருக்கலாம். வரவில்லை. டியூப்பை வாங்கிக்கொண்டாள்.

வியாழன் மாலை மலையெல்லாம் மூடுபனி இறங்கி, கோயில் ஜன்னல்களில் ஈரம் கோத்திருந்தது. பன்னிரண்டு பேரும் பீடத்தின் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கோயிலுக்கு முதல் தடவையாகக் கால்களைத்தான் அலங்கரித்து வந்திருந்தார்கள். ஒருவர்கூட அழுக்குக் காலோடு இல்லை. பதினோராவது ஆளாக வினோதா. கடைசியில், கையெழுத்துப் போடப் போகிறவரைப் போல விறைப்பாகக் கந்தப்பன், தோட்டத்துப் பழைய லொறி டிரைவர். எதிரே தாங்கியில் வாலிபர் சங்கத்துப் போன், கண் சிமிட்டாமல். வினோதாவின் வலது கால் சந்தன நிறத்தில் பளபளத்தது. கணுக்காலுக்கு மேலே வேறொரு ஆள் தொடங்கியதுபோல் இருந்தது.

பாதர் லோஜன் மேலாடையைக் கழற்றிவைத்தார். இடுப்பில் துவாலையைக் கட்டிக்கொண்டு முதல் ஆளின் முன் முழந்தாளிட்டார். மீனவச் சீடரான பேதுருவும் முதலில் காலை இழுத்துக்கொண்டவர்தான் என்று சற்றுமுன் பாதர் பிரசங்கத்தில் சொல்லியிருந்தார். வினோதாவுக்கு அந்த மீனவர் மீது திடீரென்று ஒரு சொந்தம் வந்தது.

அவள் முறை வந்தது. வெதுவெதுப்பான தண்ணீர் பாதத்தின் மேல் விழுந்தது.

தண்ணீர் வெளுத்தது.

சந்தன நிறம் கோடு கோடாக வழிந்து பாத்திரத்தில் இறங்கி, பால் மாதிரி கலங்கிப் பரவியது. கடையில் எத்தனையோ சரக்கின் சாயம் போய்ப் பார்த்திருக்கிறாள். தன் சாயம் போனது அதுதான் முதல் தடவை. கால் பின்னால் இழுபட்டது. பாதரின் கை அதை விடவில்லை, இறுக்கவும் இல்லை.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. பீடத்துக்கும் கேட்காத குரலில் கேட்டார்:

"பூச்சு போகட்டுமா?"

அவ்வளவுதான். எதிரே போன். டுபாய். கவாத்துக் கட்டை என்று எழுதியவன்கூட எங்கோ பார்த்துக்கொண்டிருக்கலாம். வேண்டாம் என்றால், ஒரு சொட்டுத் தண்ணீரோடு அவர் அடுத்த ஆளுக்கு நகர்ந்துவிடுவார் என்று அவளுக்குத் தெரிந்தது.

வினோதா தலையசைத்தாள்.

அவர் கட்டைவிரலால் மெல்லத் தேய்த்தார். முதலில் புள்ளிகள் வந்தன, ஒவ்வொன்றாக. பிறகு வெடிப்பு. கடைசியில் அந்த நகம். ஒரு நாளைக்கு நாற்பது கால்களுக்கு முன்னால் குந்துகிறவள் அவள். எதற்காகக் குந்துகிறோம் என்பது அவளுக்குத் தெரியும், விற்பதற்கு. இந்த மனிதரிடம் விற்க ஒன்றுமில்லை. குறை சொல்லி விலை குறைக்கவும் பார்க்கவில்லை. துடைத்தார். குனிந்து, பிளந்த நகத்தின் மேலேயே முத்தமிட்டார்.

கோயிலின் கூரை சற்று உயர்ந்துவிட்டதுபோல் இருந்தது வினோதாவுக்கு. முத்தமிட்டது பாதர் என்று கண் சொன்னது. ஆனால் மலையையும் மூடுபனியையும் உண்டாக்கிய ஒருவர் இந்த நகத்துக்காக இவ்வளவு தூரம் இறங்கி வந்து தரையில் முட்டி போட்டிருக்கிறார் என்று அவளுக்குள் ஏதோ ஒன்று நடுநடுங்கிச் சொன்னது. அட்டை கடிக்கும்போது அங்கே இருந்திருக்கிறார். கட்டை குத்தும்போதும் இருந்திருக்கிறார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் குனிந்திருக்கிறார்.

பாத்திரம் கந்தப்பனிடம் நகர்ந்தது. அவர் அதற்குள் எட்டிப்பார்த்தார்.

"எனக்கும் பாலா, பாதர்?"

பாதரின் தோள் குலுங்கியது. கண்ணில் நீர் வழிய, வினோதாவும் சிரித்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை அவள் காலுறை இல்லாமல் கடைக்கு வந்தாள். லைவ் போடும் நேரம் சுதர்ஷினி ஸ்டூலில் உட்காரப் போனபோது, "இன்னைக்கு என் கால்" என்றாள் வினோதா.

"வருஷ வியாபாரம் புள்ள! வெளையாடுற நேரமா?" என்றார் பைஸர்.

"வெளையாடல, நானா."

பைஸரைக் கடைப் பெண்கள் அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் அந்தக் காலைப் பார்த்தார். வியாபாரி இல்லையா, உடனே பேரத்தில் இறங்கினார். "சரி, ஒரு சோடி. அதுவும் மூடின சப்பாத்து."

"தெறந்த செருப்பு."

"அஞ்சு நிமிஷம்."

"முழு லைவும்."

"பாதி! அதுக்கு மேல வாயத் தெறக்காத."

"பாதி. ஆனா முதப் பாதி."

இரண்டு வருடமாகப் பைஸரின் சரக்குக்காகவே பேரம் பேசியவள், தனக்காகப் பேசியது அன்றுதான். பைஸர் வாய்க்குள் சிரித்தபடி போனைத் தாங்கியில் வைத்தார்.

லைவ் தொடங்கியது. வினோதா சிவப்பு வார்ச் செருப்புக்குள் வலது காலை நுழைத்தாள். எதிர்பார்த்ததுபோலவே முதல் வரி வந்தது: "கவாத்துக் கட்ட திரும்பி வந்துருச்சு!" சிரிப்பு முகங்கள் கீழிருந்து குமிழ்போல் ஏறின. அவள் அதைச் சத்தமாக வாசித்தாள்.

"ஆமாங்க, கவாத்துக் கட்ட குத்தின கால்தான். நம்பர் ஏழு. உங்களுக்கு என்னா நம்பர்?"

வார் கொக்கி மாட்டவில்லை. இரண்டு தடவை முயன்று பார்த்தாள். "தள்ளு" என்று பைஸர் வந்து, அவள் முன்னால் தரையில் முட்டி போட்டு, அந்தக் காலைத் தன் தொடைமேல் தூக்கிவைத்துக் கொக்கியை மாட்டினார். வினோதா போனை விட்டு அவரைப் பார்த்தாள்.

"நானா, முட்டி போடுறீங்க."

"இருவது வருஷமாப் போடுறேன். இன்னைக்குத்தான் கண் தெரியுதா?" என்றார் பைஸர், நிமிராமலே. "லைவ் ஓடுது, பேசு புள்ள."

வினோதா நிமிர்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே கடைவீதி போய்க்கொண்டிருந்தது, ஆயிரம் கால்களோடு. வியாழனன்று தன் நகத்துக்காகத் தரை வரை இறங்கி வந்தவர் இவை ஒவ்வொன்றையும் அறிவார் என்ற நினைப்பில் அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.