பெரியப்பாவின் மாத்திரை

ஆஸ்பத்திரியின் பின்வாசல் வழியாக அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மூக்குவரை முகக்கவசம், தலையில் தொப்பி. ஆனாலும் அந்தக் கண்கள் அவளுக்குத் தெரியாமல் போகுமா? வாராவாரம் கூட்டத்தில் முன்வரிசையில் இருந்து பார்த்த கண்கள். ஊரே பெரியப்பா என்று கூப்பிடும் குரு.

காலையில் விழுந்துவிட்டாராம். தலைக்கு ஸ்கேன். எடுப்பது அவள் வேலை. எல்லோரிடமும் கேட்பதை அவரிடமும் கேட்டாக வேண்டும்.

"மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கூட வந்த சீடர்தான் பதில் சொன்னார்.

"பிரஷருக்கு, சர்க்கரைக்கு..." குரலைத் தணித்தார். "வலிப்புக்கும். ரொம்ப வருஷமா."

தட்டச்சு செய்த விரல்கள் அப்படியே நின்றுவிட்டன.

அவள் மகளுக்கும் வலிப்புதான். பெண் கல்லூரியில் சேர்ந்த வருஷம் பெரியப்பாவிடம் கூட்டிப்போனாள். "மாத்திரையை நம்பறியா, என்னை நம்பறியா?" என்று கேட்டார். அன்றைக்கே மாத்திரை அட்டைகளைக் குப்பையில் போட்டாள். "வேண்டாம்மா, பயமா இருக்கும்மா" என்று பெண் அழுதாள். அதட்டி அடக்கியதும் இவள்தான். கொஞ்ச நாளில் குளியலறைக் கதவை உடைத்துத்தான் பிள்ளையை வெளியே எடுத்தார்கள்.

கூட்டம் கூட்டமாக ஆட்களை அசையாமல் உட்காரவைக்கிற மனிதரிடம், "அசையாதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் பொத்தானை அழுத்தினாள்.

எல்லாம் முடிந்ததும் சீடர் அவளை ஓரமாக அழைத்தார். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. இதெல்லாம் அவர் நோய் இல்ல. நம்மகிட்ட இருந்து வாங்கி வச்சுக்கிட்டது."

"என் பொண்ணோடதையுமா?"

"ஆமாக்கா."

வாங்கிக்கொண்டார் என்றால் பிள்ளை ஏன் போனாள் என்ற கேள்வி அவளுக்குத் தொண்டைவரை வந்தது. அதை அங்கேயே அமுக்கிவிட்டாள்.

வீட்டில் கணவன் காய் நறுக்கிக்கொண்டிருந்தான். மகள் போனபிறகு இருவரும் பேசிக்கொள்வதே அபூர்வம். அவள் நடந்ததைச் சொன்னாள்.

கத்தி நின்றது. "இப்பவாவது கண்ணு தெறந்துச்சா?"

"அவளோட நோயை அவர் வாங்கிக்கிட்டாருங்க."

"பைத்தியமா உனக்கு? தான் மட்டும் மாத்திரையை முழுங்கிட்டு நம்ம பிள்ளையை... அவன் ஏமாத்துக்காரன்!"

"அப்ப அவளைக் கொன்னது யாரு?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். குனிந்து மறுபடி நறுக்க ஆரம்பித்தான்.

அடுத்த கூட்டத்தில் பெரியப்பா தவத்தில் இருக்கிறார் என்று அறிவித்தார்கள். பக்கத்து நாற்காலியில் புதிதாக வந்த ஒரு பெண். மடியில் தூங்கும் குழந்தையின் மூச்சு விசில்போலக் கேட்டது.

"அக்கா, இவனுக்கு மூச்சிரைப்பு. மருந்தை நிறுத்தச் சொல்றாங்க. நீங்க ரொம்ப வருஷமா வர்றீங்களாமே. நிறுத்தலாமா?"

அவள், "நிறுத்திடும்மா" என்றாள். குரல் துளிகூட நடுங்கவில்லை.

அந்தப் பெண்ணின் முகத்தில் நிம்மதி பரவியது. அவள் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தையின் பக்கம் மட்டும் திரும்பவில்லை.