கமலவேணியின் கைக்கு எட்டிய அலமாரி

கீழப்பழுவூரில் அய்யாக்கண்ணு வீட்டுக் கொல்லையில் தர்மன் முழக்கோலோடு நின்றுகொண்டிருந்தான். அடுப்பங்கரைக்கு ஓர் அலமாரி வேண்டுமென்று ஆளனுப்பியவர் அய்யாக்கண்ணுதான். ஆனால் அளவெடுக்க உள்ளே போக அவருடைய அம்மா பொன்னம்மாள் விடவில்லை.

"சேரிக்காரன அடுப்பங்கரைக்குள்ள வுட்டா, அப்பறம் அங்க யாரு பொங்கித் திம்பா?"

தர்மனுக்கு இது புதிதல்ல. அப்பனும் பாட்டனும் பண்ணையில் ஏர் ஓட்டியவர்கள். அவன் மட்டும் உலகச் சண்டைக் காலத்தில் பொன்மலை ரயில் பட்டறைக்குப் போய், பெட்டிகளுக்கு மரவேலை செய்யக் கற்றுக்கொண்டான். சண்டை முடிந்ததும் அரியலூர் ஸ்டேஷன் பக்கம் சொந்தக் கொட்டகை போட்டான். ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டில் அவன் செய்த மேஜையைப் பார்த்துத்தான் அய்யாக்கண்ணு ஆளனுப்பினார்.

கோலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று அவன் திரும்பியபோது, உள்ளேயிருந்து ஒரு பெண் கைகளை ஊன்றித் தரையோடு நகர்ந்து வந்தாள். அய்யாக்கண்ணுவின் மனைவி கமலவேணி. நான்கு வருஷத்துக்கு முன் வந்த காய்ச்சலில் அவளுடைய இரண்டு கால்களும் விளங்காமல் போயிருந்தன.

"அளவு எடுக்க வேண்டியது எனக்குத்தான மேஸ்திரி, வூட்டுக்கு இல்லியே. இங்கயே எடுங்க."

கொல்லைச் சுவரோரம் நிமிர்ந்து உட்கார்ந்து கையை உயர்த்தினாள். தர்மன் சுவரில் கோலைச் சாத்தி, அவள் விரல் நுனி தொட்ட உயரத்தில் கீறினான். இடப்பக்கம் எட்டுமளவு, வலப்பக்கம் எட்டுமளவு, எல்லாவற்றையும் குறித்துக்கொண்டான்.

"அடுப்பு கீழதான் இருக்கு, ஒக்காந்தே சமைச்சிருவேன்" என்றாள் அவள். "புளியும் பருப்பும் தலைக்கு மேல. ஒவ்வொண்ணுக்கும் யாரையாச்சும் கூப்புடணும். கூப்புட்டுக் கூப்புட்டு அலுத்துப் போயி, சமைக்கிறதையே வுட்டுட்டேன்."

"அலமாரிக் கதவத் தொறக்கணும்னா நீங்க பின்னால நவுரணுமேம்மா?"

"ஆமா. தொறக்க ஒருக்கா, மூட ஒருக்கா. அதுவே பெரும்பாடாப் போயிரும்."

அப்படியானால் கதவு முன்பக்கம் திறக்கவே கூடாது. ரயிலில் முதல் வகுப்புக் கதவு பக்கவாட்டில் தள்ளத் திறக்குமே, அதுபோல் செய்தால் என்ன? அரியலூர் போய்ச் சேருவதற்குள் அலமாரி முழுவதும் அவன் மனதில் எழும்பி நின்றது.

எழும்பியது மனதில்தான். முதலில் செய்த கதவு ஐப்பசி ஈரத்தில் ஊதி, தான் ஓடவேண்டிய காடிப் பள்ளத்தில் சிக்கி நின்றது. கமலவேணி அதை இழுக்க முடியாமல் தவிப்பதை நினைத்துப் பார்த்தான். அந்தப் பலகையை ஒதுக்கிவிட்டு, இடித்த வீடொன்றிலிருந்து பழைய தேக்கு உத்திரம் வாங்கி அறுத்தான். எந்த மழைக்கும் அசையாத மரம். காடியில் தேன்மெழுகு தேய்த்து, ஒற்றை விரலால் தள்ளிப் பார்த்தான். கதவு வழுக்கிக்கொண்டு ஓடியது.

தை பிறந்ததும் அலமாரியைத் துண்டு துண்டாகப் பிரித்து வண்டியில் ஏற்றிக் கீழப்பழுவூர் வந்தான். பொன்னம்மாள் தங்கள் வீட்டு வழக்கமான தச்சர் அரியமுத்துவைத் தயாராக வைத்திருந்தாள்.

"மரத்த எறக்கி வச்சுட்டு அவன் போவட்டும். நீ உள்ள கொண்டு போயி மாட்டிரு."

அரியமுத்து ஒவ்வொரு துண்டாகக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொருத்துகளை விரலால் தடவினார். பிறகு மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஆத்தா, இதுல ஒரு ஆணி கெடையாது. எது முன்ன எது பின்னன்னு செஞ்ச ஆளுக்குத்தான் தெரியும். நான் கை வச்சா கெட்டுப் போவும். அவரு மாட்டட்டும், நான் கூட நின்னு புடிச்சுக்கிறேன்."

'அவரு' என்ற சொல் தர்மனின் காதில் விழுந்தது. அவன் தலை நிமிர்ந்தது.

"கொல்லப்பக்கம் சுத்தி வர வேணாம் மேஸ்திரி" என்று கூடத்திலிருந்து கமலவேணியின் குரல் கேட்டது. "வாசல் வழியா வாங்க. இல்லன்னா அலமாரி வண்டியிலயே திரும்பிப் போவட்டும்."

பொன்னம்மாள் மகனைப் பார்த்தாள். அய்யாக்கண்ணு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கனமான அடிப்பலகையின் ஒரு முனையைத் தானே தூக்கினார்.

"அந்த முனையப் புடி தர்மா."

இருவரும் நிலைப்படியைத் தாண்டினார்கள்.

மதியத்துக்குள் அலமாரி நின்றது. கமலவேணி அதன் முன் நகர்ந்து வந்து ஒரு விரலால் தள்ளினாள். சத்தமில்லாமல் கதவு ஒதுங்கியது. புளிப்பானை, பருப்பு டப்பா, மிளகாய், அஞ்சறைப்பெட்டி எல்லாம் அவள் நெஞ்சுக்கு நேரே இருந்தன. இருந்த இடத்திலிருந்து நகராமலே ஒவ்வொன்றையும் எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாரும் வெளிய போங்க, ஒல வைக்கணும்" என்றாள்.

அன்று கூடத்தில் தர்மனுக்கும் அரியமுத்துவுக்கும் பக்கத்துப் பக்கத்தில் இலை போட்டார்கள். பொன்னம்மாள் அந்தப் பக்கமே வரவில்லை. ஆனால் உள்ளறையிலிருந்து அவள் கமலவேணி வைத்த ரசத்தை இரண்டாம் தரமாகக் கேட்டது எல்லோர் காதிலும் விழுந்தது.